இரவல் குரல்

டேப்லட்டுக்குள் இருந்த பெண்
மலாய் பேசினாள், ஆங்கிலம் பேசினாள்.
தமிழைத் தட்டினால் மட்டும்
பல் வைத்தியர் நாற்காலியில் கிடப்பவள்போல்
முனகினாள்.
"யாராவது குரல் கொடுங்கள்" என்றார் மிஸ் ஊய்,
மாதம் ஒருமுறை
புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து வரும்
பேச்சுப் பயிற்சியாளர்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
உதவியாளர் என்றால் அப்படித்தான்.

பிறையில் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளி.
விளையாட்டுச் சாமான் அறையில்
காற்றாடியை நிறுத்திவிட்டு
பந்துகளுக்கு நடுவே நின்று பேசினேன்.
தண்ணீர். மைலோ. கழிவறை. வலிக்கிறது.
அம்மா நைட் ஷிப்ட்.
இன்னும் முடிக்கவில்லை.
இடையில் சரக்கு ரயில் போனது.
'சந்தோஷம்' என்ற சொல்லுக்குப் பின்னால்
இன்றைக்கும் அது கடகடக்கிறது.
'வேண்டாம்' மட்டும் நான்கு முறை எடுத்தோம்.
முதல் மூன்றும் அனுமதி கேட்பதுபோல் இருக்கிறதாம்.

லோஷினிக்கு ஒன்பது வயது.
வலக்கை நடுவிரல் ஒன்றுதான்
அவள் சொல்வதைக் கேட்கும்,
மழை நாளில் அதுவும் முரண்டு பிடிக்கும்.
மிஸ் ஊய் எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவே:
கேட்டுவிட்டு, பத்து எண்ணு.
வாயைத் திறக்காதே.

நான்கில் எனக்குக் கை துறுதுறுக்கும்.
ஆறில் ஒரு கையை இன்னொன்றால் பிடித்துக்கொள்வேன்.
ஏழில் கேண்டீனில் யாரோ தட்டைப் போடுவார்கள்.
எட்டு. விரல் கிளம்பிவிட்டது.
ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு
'பென்சில்' என்பேன் நான்,
அங்கிருந்து.

மாவட்ட அலுவலகத்திலிருந்து
மூன்று பேர் வந்த அன்று
தலைமையாசிரியர் குனிந்து
"வணக்கம் சொல்லும்மா" என்றார்.
ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார்.
மற்ற இருவரும் அவள் நாற்காலிக்குப் பின்னால்
சிரிப்பை மாட்டிக்கொண்டு நின்றார்கள்.
எண்ணத் தொடங்கினேன்.
விரல் வணக்கத்தைத் தாண்டியது.
அடுத்த பக்கத்தைத் திறந்தது.
"வேண்டாம்" என்றேன் நான்.

அத்தனை கண்களும் என் உதட்டுக்கு வந்தன.
உதடு மூடியே இருந்தது.
பதினாறு வருடம் முன்னால்
கொழுந்தனாரின் கார் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டபோது
தொண்டைவரை வந்து திரும்பிய சொல்,
டேப்லட்டின் ஒலியில்
முழு வகுப்புக்கும் கேட்கும்படி.

மறுபடி, "வேண்டாம்."
போட்டோ என்ற சொல்லை நாங்கள் போட்டிருக்கவில்லை.
ஓவியப் பக்கத்தில் தேடி
"படம்" என்றாள்.
போன் மெதுவாகச் சட்டைப்பைக்குள் இறங்கியது.

"நீயா சொல்லிக் கொடுத்தாய்?"
அப்புறம் வராந்தாவில் கேட்டார் தலைமையாசிரியர்.
இல்லை சார் என்றேன்.
குரல் என்னுடையதாக இருந்ததால்
அவர் நம்பவில்லை.

அடுத்த மாதம் மிஸ் ஊய் சொன்னார்:
ஒன்பது வயதுப் பெண்
நாற்பத்தைந்து வயதுக் குரலில் எத்தனை நாள் பேசுவது?
நான்காம் ஆண்டு தர்மினியைக் கூட்டி வந்தோம்.
சிரித்துச் சிரித்து
ஒவ்வொரு சொல்லையும் கெடுத்து
ஒருவழியாக முடித்தாள்.
பழையதா, புதியதா, லோஷினியே தேர்ந்தெடுத்தாள்.
தண்ணீர், புதியது.
மைலோ, புதியது.
'வேண்டாம்' வந்தபோது
எனக்கு ஏனோ அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
புதியது.
தர்மினியின் வேண்டாம் நறுக்கென்றுதான் இருந்தது,
குறை சொல்ல முடியாது.
சந்தோஷத்தை மட்டும் மாற்ற விடவில்லை.
ரயில் அதில்தான் இருக்கிறது.

அழிக்கும் முன்
அந்த ஒன்றை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன்.
மிஸ் ஊய் எதற்கு என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை கொழுந்தனார் வந்தார்,
இன்னொரு பாரத்தோடு.
சும்மா ஒரு கையெழுத்துத்தானே அண்ணி என்று
பேனாவை என் பக்கம் உருட்டினார்.
டீ ஆடை கட்டிவிட்டது.
போன் சமையலறையில் சார்ஜில் இருக்கிறது.
எட்டு வரை எண்ணிவிட்டேன்.